ஐரிஷ் ஜிக் மெட்டுக்குப் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்து ஜிக் ஒன்று காதில் விழுந்து, பிடித்துப்போய், "இது யார் போட்ட மெட்டு, எத்தனை வருஷப் பழசு, நான் வாசித்து நாலு பேருக்கு அனுப்பலாமா" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மாரிசன்ஸ் ஜிக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தேடலில் வரக்கூடிய சிக்கலில் பாதி அந்த ஒரு மெட்டிலேயே இருக்கிறது.

ஜிக் என்றால் என்ன? ரீலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபடவே இல்லை.

நம் தாளம் கொஞ்சம் தெரிந்தாலே இது சுலபம். இரண்டும் அயர்லாந்து நடன மெட்டு வகைகள். ஜிக் திஸ்ர நடை. தகிட தகிட, தகிட தகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், உட்கார்ந்துகொள்ளும். மேற்கத்தியக் குறிப்பில் 6/8. ரீல் தகதிமி தகதிமி என்று ஓடும். தகிட மூன்று மூன்றாக வந்தால் ஸ்லிப் ஜிக், 9/8. நாலு நாலாக வந்தால் ஸ்லைடு, 12/8, கெர்ரி பக்கத்தில் அதற்குத் தனி மவுசு.

ஆனால் மூன்று ஸ்வரமும் ஒரே அளவு என்று நினைத்து வாசித்தால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். முதல் ஸ்வரம் கொஞ்சம் நீளும், நடு ஸ்வரம் ஒதுங்கி வழிவிடும், அந்த ஆட்டத்தில்தான் நடனக்காரரின் கால் எழும்புகிறது, அதை எந்தக் குறிப்பிலும் எழுதிக் காட்ட முடியாது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அமைப்பு என்று பார்த்தால் எட்டு பார் (ஜிக்கில் ஒரு பார் என்றால் இரண்டு தகிட) கொண்ட ஒரு பகுதி இரண்டு முறை, அப்புறம் எட்டு பார் கொண்ட இன்னொரு பகுதி இரண்டு முறை, மொத்தம் 32 பார். பப்பிலோ வீட்டிலோ வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதை அங்கே செஷன் என்பார்கள். அதில் ஒரு மெட்டை வழக்கமாக மூன்று சுற்று வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். பெயர் அறிவிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. இத்தனை பேர் மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் தேடி அலைவதற்கு முதல் காரணம் இதுதான்.

பெயர் எனக்குத் தெரியும். பெயரிலேயே ஒரு ஆள் இருக்கிறார். அப்படியானால் மெட்டு போட்டவர் அவர்தானே?

பெரும்பாலும் இல்லை. மாரிசன்ஸ் ஜிக்கையே பாருங்கள். ஜேம்ஸ் மாரிசன் 1893இல் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்தவர், நியூயார்க்கில் பிடில் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வாழ்ந்தவர், ஊரே அவரை "புரொபசர்" என்று அழைத்தது. அவரோடு வாசித்தவர்களில் டாம் கார்மடி என்று ஒரு அக்கார்டியன்காரர், கெர்ரியிலிருந்து கப்பலேறி வந்தவர். கார்மடி வாசித்த ஒரு ஜிக் மாரிசனுக்குப் பிடித்துப்போய்விட்டது. கேட்டு எடுத்துக்கொண்டார், 1936இல் அது ரெக்கார்டில் ஏறியது. கார்மடிக்கு அது எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து. வீட்டில் அதற்கு வேறு பெயர், "தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப்". ஹாப் என்பது கணப்படுப்பின் பக்கத்தில் இருக்கும் திட்டு, அதன் குறுக்கே கிடக்கிற கம்பு. அந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்கு ஒரு சமையலறை கண்ணுக்குத் தெரிகிறது, அப்பா வாசிக்கிறார், பையன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான்.

ஆக, அப்பாவிடமிருந்து மகன், மகனிடமிருந்து மாரிசன், மாரிசனின் ரெக்கார்டிலிருந்து ஊர் உலகம். ரெக்கார்டு கேட்டவர்களுக்கு அது மாரிசன் வாசித்த ஜிக், அதனால் மாரிசனுடைய ஜிக். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அங்கே "இன்னாருடைய மெட்டு" என்றால் "இன்னாரிடமிருந்து வந்த மெட்டு" என்றுதான் பெரும்பாலும் பொருள். நாம் "அத்தை வீட்டு ரசம்" என்று சொன்னால் ரசத்தையே அத்தைதான் கண்டுபிடித்தார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே, அதே மாதிரி.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கிழக்கு கால்வேயைச் சேர்ந்த பிடில்காரர் பாடி ஃபாஹி (2019இல் காலமானார்) ஏகப்பட்ட ஜிக்கும் ரீலும் போட்டார், எதற்கும் பெயர் வைக்கவில்லை. எல்லாமே "பாடி ஃபாஹிஸ்" என்றே வழங்குகின்றன. ஒருவர் "பாடி ஃபாஹிஸ் வாசிக்கலாமா" என்று கேட்டால் "எது?" என்று திருப்பிக் கேட்டே ஆகவேண்டும். இங்கே பெயரில் இருப்பவர்தான் மெட்டு போட்டவர், மாரிசன் விஷயத்தில் கொண்டுவந்து சேர்த்தவர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெயரும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் பெயரை முதல் தடயமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

ஒரே மெட்டுக்கு ஏன் நாலைந்து பெயர்?

மெட்டு காதில் தங்கும் அளவுக்குப் பெயர் தங்காது. ஊர் மாறும்போது பழைய பெயர் உதிர்ந்து புதுப் பெயர் ஒட்டிக்கொள்ளும். 1975இல் போத்தி பேண்ட் குழு தங்கள் முதல் ஆல்பத்தை ஒரு ஜிக்கோடு தொடங்கினார்கள், கெஷ் ஜிக். இன்று எந்த நாட்டில் ஐரிஷ் இசை படிக்க ஆரம்பித்தாலும் முதல் பத்து மெட்டுக்குள் அது வந்துவிடும். கெஷ் என்பது ஸ்லைகோவின் தெற்கே உள்ள சிற்றூர். ஆனால் சிகாகோவில் ஐரிஷ் மெட்டுகளைத் திரட்டிய பிரான்சிஸ் ஓநீலின் தொகுப்பில் அதே மெட்டைத் தேடினால் கின்கோரா என்ற பெயரில் கிடைக்கும். கின்கோரா கிளேர் மாவட்டத்தில் பிரையன் போரு மன்னரின் அரண்மனை இருந்த இடம். இரண்டு மாவட்டம், இரண்டு பெயர், ஒரு மெட்டு.

தலைகீழாகவும் நடக்கும். "தி கோல்ட் ரிங்" என்று கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஜிக்குகள் வரும். தேவதைகள் தொலைத்த தங்க மோதிரத்தைக் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுத்தவருக்கு வெகுமதியாக மெட்டு கிடைத்தது என்று கதை சொல்வார்கள். கதை ஒன்று, மெட்டு பல.

அப்புறம் 78 ஆர்பிஎம் ரெக்கார்டு காலத்துக் குழப்பங்கள் தனி. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம், அதில் இரண்டு மூன்று மெட்டைக் கோத்து வாசிப்பார்கள், லேபிளிலோ பல சமயம் ஒரு பெயர்தான் இருக்கும். அந்த ஒரு பெயர் கோத்த மெட்டுகளில் எதற்கு உரியது என்று கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாக முடிவு செய்துகொண்டார்கள்.

பெயரே தெரியாது, மனதில் மெட்டு மட்டும்தான் ஓடுகிறது. எங்கே தொடங்குவது?

இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அருமையாக ஒரு வழி கண்டவர் பிரெண்டன் பிரஹ்னாக் (1912-1985). அரசு வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான நடன மெட்டுகளுக்கு அட்டை அட்டையாக அட்டவணை போட்டார். பெயரை நம்பி அட்டவணை போட்டால் அது நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் மெட்டின் தொடக்கத்தில் அழுத்தம் விழும் ஸ்வரங்களை மட்டும் எடுத்து எண்ணாக்கி, அந்த எண் வரிசையில் அட்டைகளை அடுக்கினார். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு எளிமையான யோசனை!

நீங்களும் இதை வீட்டிலேயே செய்யலாம். மாரிசன்ஸ் ஜிக்கின் முதல் நாலு பார் நம் ஸ்வரத்தில் இப்படி வரும்:

ஸா , , பா , , | ஸ ப ஸ ம ரி நி | ஸ நி ஸ பா , , | நி த ப ம ரி நி

கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான், மேற்கில் டோரியன் என்பார்கள். ரிஷபத்திலிருந்து இறங்கும் நிஷாதமும் மூன்றாவது பாரில் இரண்டு ஷட்ஜத்துக்கு நடுவே வருவதும் மந்திர ஸ்தாயி, நாலாவது பாரின் முதல் நிஷாதம் மட்டும் மேலே. இப்போது ஒவ்வொரு தகிடவிலும் முதல் ஸ்வரத்தை மட்டும் எடுங்கள். ஸ ப, ஸ ம, ஸ ப, நி ம. எண்ணில் 1 5 1 4 1 5 7 4. வேறு சுருதியில் வாசித்தாலும் இது மாறாது. பிடில்காரர் ஷட்ஜத்தை ஒரே நீளமாக இழுத்தாலும், அதே இடத்தில் விரலைச் சுழற்றி ரோல் போட்டாலும் மாறாது. அலங்காரம் எல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடு மட்டும் நிற்கும். அந்த எட்டு எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இரண்டு மெட்டு ஒன்றா வேறா என்று சட்டென்று பார்த்துவிடலாம்.

செல்போன் கையில் இருந்தால் டியூன்பால் என்ற செயலி இருக்கிறது. டப்ளினில் ஆய்வுக்காக உருவானது. விசில் என்கிற சின்னத் தகரக் குழலிலோ பிடிலிலோ சில விநாடி வாசித்துக் காட்டினால் தன் தொகுப்போடு ஒப்பிட்டு இன்ன மெட்டாக இருக்கலாம் என்று வரிசையாகக் காட்டும். முதலில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் முதல் ஐந்தையாவது வாசித்துப் பாருங்கள். இரண்டாம் பகுதியையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். முதல் பகுதி ஒத்துப்போய் இரண்டாம் பகுதி வேறாக இருக்கிற ஜிக்குகள் கொள்ளை கொள்ளையாக உண்டு.

எந்தப் பழைய தொகுப்புகளில் தேட வேண்டும்?

எல்லோரும் முதலில் போய் நிற்பது ஓநீலிடம்தான், நானும் அப்படித்தான். பிரான்சிஸ் ஓநீல் 1848இல் கார்க் மாவட்டத்தில் பான்ட்ரிக்குப் பக்கத்தில் டிராலிபேனில் பிறந்தார், பதினாறு பதினேழு வயதில் கப்பலில் ஏறிவிட்டார். பசிபிக்கில் கப்பல் உடைந்து, காப்பாற்றிய கப்பலில் எல்லோரும் அரைப் பட்டினி. அங்கே ஒரு ஹவாய் மாலுமியிடம் புல்லாங்குழல் இருந்தது. ஓநீல் அதை வாங்கி வாசிக்க, அந்த மாலுமி தன் சாப்பாட்டில் இவருக்கும் பங்கு கொடுத்தார், கரை சேரும்போது மற்றவர்களைவிடத் தெம்பாக இருந்தேன் என்று ஓநீலே எழுதியிருக்கிறார். பிறகு சிகாகோ போலீஸில் சேர்ந்து 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் போலீஸ் தலைவராக இருந்தார். அங்கே அயர்லாந்தின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்த ஆட்கள், ஆளுக்கொரு மூட்டை மெட்டு. ஓநீலுக்கு மெட்டு மனதில் நிற்கும், ஆனால் குறிப்பெழுத வராது. அவர் வாசித்தும் பாடியும் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் (உறவில்லை, பெயர்தான் ஒன்று) எழுதிக்கொண்டார். 1903இல் வந்த பெரிய புத்தகத்தில் 1850 மெட்டு, 1907இல் வந்த நடன இசைத் தொகுப்பில் 1001. இந்த இரண்டாவதை வாசிப்பவர்கள் வெறுமனே "அந்தப் புத்தகம்" என்பார்கள். பல மெட்டுகளை யாரிடமிருந்து பெற்றார் என்பதை அவர் 1910இல் எழுதிய நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். மெட்டை மட்டும் பார்த்துவிட்டு அதைப் படிக்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

அவருக்கு முந்தியவர்களில், ஜான், வில்லியம் நீல் 1724இல் டப்ளினில் அச்சிட்டதுதான் முழுக்க ஐரிஷ் மெட்டுகளுக்கென்றே வந்த முதல் புத்தகம். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெட்ரி சேர்த்தவை, அவர் இறந்து வெகுகாலம் கழித்து 1902 முதல் 1905க்குள் முழுமையாக வெளிவந்தன, 1582 மெட்டு. ஜேம்ஸ் குட்மன் பாதிரியார் கையால் எழுதியவை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. பைப்ஸ் (காற்றுப் பை வைத்த குழல் வாத்தியம்) வாசிக்கத் தெரிந்த, ஐரிஷ் மொழி பேசி வளர்ந்த ஒருவர் எழுதிவைத்தது என்பதால் கெர்ரி மெட்டு என்று சந்தேகம் வந்தால் அங்கே பார்ப்பது நல்லது. இருபதாம் நூற்றாண்டுக்கு பிரஹ்னாக்கின் தொகுப்புகள், முதலாவது 1963இல் வந்தது. ஒவ்வொரு மெட்டையும் யார் வாசித்துக் கேட்டார், வேறு என்னென்ன பெயர் உண்டு என்று பின்னால் குறிப்பு எழுதியிருப்பார், அந்தக் குறிப்புகளுக்காகவே வாங்கலாம். 1987இல் தொடங்கி, இப்போது டப்ளினில் மெரியன் சதுக்கத்தில் இருக்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகத்தில் இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

1903 புத்தகத்தில் இருக்கிறது என்றால் மெட்டின் வயது 1903தானே?

அந்த வருஷத்துக்குப் பிந்தியது இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். இன்று வாசிக்கிற பழைய ஜிக்குகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும் உருவானவை என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. நடன ஆசிரியர்கள் ஒரு பிடில்காரரையோ பைப்ஸ்காரரையோ கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த காலம் அது.

நான் தேடியது இங்கிலாந்துப் புத்தகத்தில் கிடைத்தது. அப்படியானால் அது ஐரிஷ் மெட்டு இல்லையா?

இதில் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. "ஹேஸ்ட் டு தி வெட்டிங்" ஜிக்கை அயர்லாந்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிறார்கள். 1767இல் அது லண்டன் மேடையில் "தி எலோப்மென்ட்" என்ற பாண்டோமைமில், அதாவது ஒரு வகை வேடிக்கை நாடகத்தில், பாட்டாக ஒலித்தது. அதற்கு முன் எங்கே இருந்தது, எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று சண்டை போடுவதைவிட, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மூன்றுக்கும் நடுவே அறுவடைக் கூலிகளும் சிப்பாய்களும் நாடகக்காரர்களும் வருஷம் முழுக்கக் கடல் தாண்டிப் போய்வந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆள் போகிற இடத்துக்கெல்லாம் மெட்டும் போகும்.

ஜாடை ஒத்துப்போவதையே வம்சாவளியாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. "ஐரிஷ் வாஷர்வுமன்" ஜிக், 1651இல் ஜான் பிளேஃபோர்டு லண்டனில் அச்சிட்ட நடனப் புத்தகத்தில் உள்ள டார்கசன் மெட்டிலிருந்து வந்தது என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். வரிசையாக வாசித்தால் ஜாடை தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் டார்கசன் எட்டே பார், முடிவு என்ற ஒன்றே இல்லாமல் செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். வாஷர்வுமன் இரண்டு பகுதியும் ஒழுங்காக வந்து ஷட்ஜத்தில் உட்காரும். திஸ்ர நடையில் ஏழு ஸ்வரத்தை வைத்து ஆயிரக்கணக்கில் மெட்டு போட்டால் சில தொடக்கங்கள் தானாகவே ஒத்துப்போகும். நடுவில் ஒரு கையெழுத்துப் பிரதியோ ஒரு பாட்டோ கிடைத்துச் சங்கிலி கோத்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

இந்த மாதிரி மெட்டு ஊர் மாறுவது நம் பக்கம் நடந்திருக்கிறதா?

நன்றாக நடந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையில் கம்பெனி பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டார், ஏறக்குறைய 40 நோட்டுஸ்வரங்கள். "சந்ததம் பாஹிமாம்" பாடிப் பாருங்கள், இங்கிலாந்து ராஜா பாட்டின் மெட்டு அது. பாடம் செய்கிற குழந்தைக்கு அது சியாமளா தேவி மேல் பாட்டு, அவ்வளவுதான். கார்மடி வீட்டு ஜிக் மாரிசனுடைய ஜிக் ஆனதை நம்மவர்களுக்குப் புரியவைக்க நான் இதைத்தான் சொல்வேன்.

வாசித்துப் பதிவு செய்து பகிரலாமா? காப்புரிமை வருமா?

பழைய மெட்டு என்றால் தாராளமாக. மெட்டு பழசாக இருந்தாலும் மற்றவர் வாசித்த ஒலிப்பதிவு அவருடையது, அதை எடுத்துப் போடாதீர்கள், நீங்கள் வாசித்துப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது, பழசு மாதிரி ஒலிக்கிற புதிய மெட்டுகள். "காலியோப்பி ஹவுஸ்" ஜிக்கைக் கேட்டால் இருநூறு வருஷமாக இருப்பது போலத்தான் இருக்கும். பாய்ஸ் ஆஃப் தி லாஃப் குழுவின் டேவ் ரிச்சர்ட்சன் போட்டது அது. "மரபு மெட்டு" என்று எழுதி இதை வெளியிட்டால் ஒரு மனிதரின் பெயரை அழித்ததாகிவிடும். அயர்லாந்தில் மெட்டு போட்டவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கிறது, இந்தியாவில் 60. காசு வாங்கி விற்கிற ஆல்பமாக இருந்தால் கட்டாயம் விசாரித்து அனுமதி வாங்குங்கள். காசு இல்லாமல் பகிர்ந்தாலும் பெயரைச் சொல்லிவிடுங்கள், சட்டம் இருக்கட்டும், அது மரியாதை.

செஷனில் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்வதற்கும் முதலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் மேஜை மேல் போனை வைப்பது யாருக்கும் பிடிக்காது.

மெட்டோடு சேர்த்து என்ன எழுத வேண்டும்?

யாரிடமிருந்து கேட்டீர்கள், எந்த ஊரில், எந்த வருஷம், அவர் என்ன பெயர் சொன்னார், அவருக்கு யாரிடமிருந்து வந்தது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். புத்தகத்தில் இருப்பது என்றைக்கும் இருக்கும், நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம். "எங்கள் அப்பா இதை வேறு பெயரில் சொல்வார்" என்று ஒரு பெரியவர் விசிலைத் துடைத்துக்கொண்டே சொல்லும் வாக்கியம் அன்றைக்கு எழுதாவிட்டால் போனது போனதுதான். கார்மடி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் அடுப்புத் திட்டும் இல்லை, கம்பும் இல்லை.

நீங்கள் கண்டுபிடித்ததையும் அவர் சொன்னதையும் கலக்காதீர்கள். "அவர் சொன்ன பெயர் இது, ஓநீலில் இந்தப் பெயரில் இருக்கிறது" என்று தனித்தனியாக எழுதுங்கள். அவர் சொன்னது தவறு என்று உங்களுக்குத் தோன்றினாலும் முதலில் அவர் சொன்னதே வரட்டும்.

புத்தகத்தில் இருப்பதும் நான் கேட்டு எழுதியதும் நாலு இடத்தில் வேறாக இருக்கிறது. திருத்திவிடலாமா?

வேண்டாம். அந்த நாலு இடத்தில்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இருக்கிறார்.

எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன பெயர் போடுவது?

ஐரிஷ் மொழியில் இதற்கென்றே ஒரு சொல் வழக்கில் இருக்கிறது, "கன் அனம்", பெயரில்லாதது என்று பொருள். தேர்ந்த கலைஞர்களின் ஆல்பங்களிலேயே இதைப் பார்க்கலாம். புதிதாக ஒரு பெயரை நீங்களே சூட்டினால் அடுத்து வருகிறவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு இல்லாத ஊரில் தேடுவார். அதனால் "கன் அனம், ஜிக்" என்று போட்டு, முதல் இரண்டு பாரின் ஸ்வரத்தை எழுதி, யாரிடமிருந்து எங்கே எப்போது கேட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தாவது ஒருவர் "இது எங்கள் தாத்தா வாசித்ததாயிற்றே" என்று சொல்லக்கூடும், அப்போது பழையதை அழிக்காமல் அவர் சொன்னதைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.